மில்லிமீட்டருக்குக் கொடுத்த விலை

மடிக்கணினி வணிகத்தில் மெலிவுக்குத் தொடக்கம் முதலே தனி விலை உண்டு. வேகம், நினைவகம், திரையளவு மூன்றும் ஒத்த இரண்டு கணினிகளில் மெலிந்தது கூடுதல் விலைக்குப் போகும். வேகத்தில் பின்தங்கியிருந்தும் மெலிந்ததே கூடுதல் விலைக்குப் போன காலங்கள் பல. கீல் முறிவு, சூடேற்றம், விசைப்பலகைக் கோளாறு, பேட்டரி உப்பல் போன்ற பழுதுகள் அதிகம் பேசப்பட்டதும் அந்த விலையுயர்ந்த மெல்லிய கணினிகளில்தான். விலையும் பழுதும் இப்படிச் சேர்ந்தே வந்ததற்குப் பொறியியல் காரணம் இருக்கிறது. தடிமனைக் குறைக்கும்போது முதலில் போவது உள்ளிருக்கும் இடைவெளி. காற்று ஓடுவதும், பழையதாகிவரும் பேட்டரி சற்று உப்புவதும், மூடியின் மேல் அழுத்தம் விழும்போது திரை தப்புவதும், பழுதுபார்ப்பவரின் திருப்புளி நுழைவதும் அந்த இடைவெளியில்தான். அதை எடுத்துவிட்ட பிறகும் கணினி உழைக்க வேண்டுமானால் ஒவ்வொரு பாகத்தையும் புதிதாக வடிவமைக்க வேண்டும். விலை அங்கே ஏறுகிறது. வடிவமைப்பில் சிறு பிசகு நேர்ந்தாலும் அதைப் பொறுத்துக்கொள்ள இடமில்லை. பழுதும் அங்கேதான் பிறக்கிறது.

தூக்கிச் செல்லும் கணினிகளில் முதலில் நன்றாக விற்றது 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1. எடை 11 கிலோ, விலை 1,795 டாலர். மறு ஆண்டு வந்த கிரிட் காம்பஸ்தான் இன்றைய மடிக்கணினியின் உருவத்துக்கு முன்னோடி. தட்டையான திரை விசைப்பலகையின் மேல் மடிந்து மூடிக்கொள்ளும் அமைப்பை பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் பில் மாக்ரிட்ஜ் அதற்குக் கொடுத்தார். எடை சுமார் 5 கிலோ, விலை 8,150 டாலர். அந்தத் தொகைக்குச் சிறிய உருவத்தோடு உறுதியும் கிடைத்தது. உறை மெக்னீசியத்தால் ஆனது. உள்ளே எழும் வெப்பத்தை அதுவே வெளியே கடத்தியது. தகவலைச் சேமிக்கச் சுழலும் தட்டு இல்லை. அசையும் பாகமே இல்லாத காந்தக் குமிழி நினைவகம் இருந்தது. அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது. நாசாவின் விண்வெளி ஓடத்தில் அது பறந்தது. விலையுயர்ந்த முதல் மடிக்கணினியில் விலையும் உறுதியும் ஒரே பக்கம் நின்றன. பின்னாளில் அவை பிரிந்தது தவிர்க்க முடியாத ஒன்றாக இருக்கவில்லை. தயாரிப்பாளர்கள் எடுத்த முடிவுகள் அவற்றைப் பிரித்தன.

அந்த முடிவுகளின் முதல் சாயல் 1988இல் என்.இ.சி. அறிவித்த அல்ட்ராலைட்டில் தெரிந்தது. எடையை 2 கிலோ அளவுக்குக் கொண்டுவர ஹார்ட் டிஸ்க்கும் ஃபிளாப்பியும் நீக்கப்பட்டன. கோப்புகள் பேட்டரியின் தயவில் உயிர் வாழும் ஒன்றிரண்டு மெகாபைட் நினைவகத்தில் கிடந்தன. மின்சாரம் முற்றிலும் வடிந்தால் கோப்புகளும் போய்விடும். அதற்கு நேரெதிர் முனையில் நின்றது 1989இல் ஆப்பிள் வெளியிட்ட மெக்கின்டாஷ் போர்ட்டபிள். ஈய-அமில பேட்டரியுடன் 7 கிலோவுக்கு மேல் கனத்த அது 7,000 டாலருக்கு மேல் விற்றும் வாங்குவோரைக் கவரவில்லை. கனமான கணினியை யாரும் சுமக்க விரும்பவில்லை என்ற பாடம் 1991இன் பவர்புக் வரிசையிலும், 1992இன் ஐ.பி.எம். திங்க்பேட் 700சி-யிலும் பயன்பட்டது. அவை மெலிவுப் போட்டியில் இறங்கியவை அல்ல. ஆனால் கையில் தூக்கத் தகுந்த எடை, மணிக்கட்டை வைக்க இடம், நல்ல விசைகள் என்று மடிக்கணினியின் இலக்கணத்தை வகுத்தவை. ஆப்பிளின் முதல் பெரிய பேட்டரி விபத்தும் அந்தப் பத்தாண்டில்தான் நடந்தது. 1995இல் பவர்புக் 5300 வெளிவந்த உடனே அதன் லித்தியம்-அயனி பேட்டரிகளில் சில தீப்பற்றின; நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்று, திறன் குறைந்த நிக்கல் பேட்டரிகளைக் கொடுத்தது.

மெலிவை ஒரு தனிப் பந்தயமாக நடத்திய நாடு ஜப்பான். நெடுந்தூரம் ரயிலில் வந்துபோகும் அலுவலர்களும் சிறிய மேசைகளும் அங்கே சிறிய கணினிக்கு உண்மையான தேவையை உண்டாக்கியிருந்தன. 1997 இறுதியில் சோனி வெளியிட்ட வயோ 505, மெக்னீசிய உறையில், 24 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமனில், 1.35 கிலோ எடையில் வந்தது. கறுப்பும் சாம்பலுமாக இருந்த கணினிக் கடைகளில் வெள்ளியும் ஊதாவும் கலந்த அதன் நிறம் தனித்துத் தெரிந்தது. பிற ஜப்பானிய நிறுவனங்களும் வெள்ளி நிற மெல்லிய கணினிகளோடு பின்தொடர்ந்தன. அதே காலத்தில் மிட்சுபிஷி பீடியன் என்ற கணினியை 18.4 மில்லிமீட்டர் தடிமனில் கொண்டுவந்தது. உலகின் மிக மெல்லிய மடிக்கணினி என்ற பெயரைப் பல ஆண்டுகள் அது வைத்திருந்தது. விலை 6,000 டாலரை ஒட்டியது. எந்திரப் பழுதுகள் அடுக்கடுக்காக வர, விரைவிலேயே அது சந்தையிலிருந்து மறைந்தது. மெல்லிய, விலையுயர்ந்த, பழுதுபட்ட கணினி என்ற வகைக்குப் பீடியன்தான் முதல் முழு உதாரணம். அதன் தடிமனை மிகப் பெரிய நிறுவனங்களே மேலும் பத்தாண்டு கழித்துத்தான் நெருங்கின என்பதைப் பார்த்தால், அது காலத்துக்கு முந்திய கணினி என்று சொல்லலாம். வாங்கியவருக்கு அதனால் எந்த ஆறுதலும் இல்லை.

சோனி 2003இன் இறுதியில் அந்தப் பந்தயத்தை இன்னும் கடினமாக்கியது. கார்பன் இழை உறையோடு வந்த வயோ எக்ஸ்505 முன்விளிம்பில் 9.7 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தது. எடை 1 கிலோவுக்கும் கீழ். அமெரிக்காவில் விலை 3,000 டாலர். முன்னால் மெலிந்து பின்னால் தடித்த அந்த ஆப்பு வடிவம் பின்னாளில் மெல்லிய கணினிகளின் பொது வடிவமாயிற்று. இடம் மிச்சமாவதைவிட மெலிவு கண்ணுக்குத் தெரிவதே அந்த வடிவத்தின் பெரிய பலன். விளிம்பு மெலிந்திருந்தால் கணினி முழுதும் மெலிந்ததாகவே படும். கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவர் விளிம்பைத்தான் பிடிக்கிறார்.

ஜப்பானிலேயே அதற்கு மாற்றான ஒரு வழியும் இருந்தது. இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத வழி அது. பானசோனிக் 2002இல் லெட்ஸ் நோட் ஆர்1 என்ற கணினியை 1 கிலோவுக்குக் குறைந்த எடையில் வெளியிட்டது. அதன் பின்வந்த லெட்ஸ் நோட் வரிசைகளின் மூடி, காரின் பானெட் போல மேடு பள்ளங்களோடு வார்க்கப்பட்டது. நெரிசலான ரயிலில் பையோடு நசுங்கினாலும் திரை உடையக் கூடாது என்பது அதன் நோக்கம். 100 கிலோ அளவுக்கு அழுத்தம் கொடுத்துச் சோதித்ததாக நிறுவனம் விளம்பரப்படுத்தியது. கோபே நகரத் தொழிற்சாலையில் தயாரான அந்தக் கணினிகள் மெலிந்தவை அல்ல. பக்கவாட்டில் பார்த்தால் தடித்தே தெரிந்தன. ஆனால் எடை குறைவு, பேட்டரி நெடுநேரம் ஓடும், எளிதில் உடையாது. அவையும் மலிவானவை அல்ல. ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக அவற்றை வாங்கிக்கொண்டே இருந்தன. எடைக்குறைவும் மெலிவும் இருவேறு குணங்கள் என்பதை லெட்ஸ் நோட் தெளிவாகக் காட்டியது. பயணம் செய்பவரின் தோளுக்குத் தேவை எடைக்குறைவு. மேடையில் கைதட்டல் வாங்குவது மெலிவு. கூடுதல் விலை நியாயமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த இரண்டில் எதற்குப் பணம் போயிற்று என்பதில் இருக்கிறது.

2008 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் அலுவலகக் காகித உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். மிகத் தடித்த இடத்தில் 19.4 மில்லிமீட்டர், மெலிந்த முனையில் 4 மில்லிமீட்டர், எடை 1.36 கிலோ. அதன் சில்லை இன்டெல் வழக்கத்தைவிட மிகச் சிறிய உறையில் தனியாகத் தயாரித்துக் கொடுத்திருந்தது. விலை 1,799 டாலர். அந்தப் பணத்துக்கு வாங்கியவருக்குக் கிடைத்த சேமிப்பகம் கையடக்க இசைப்பான்களில் பயன்பட்ட 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். கொள்ளளவு 80 ஜிகாபைட், வேகம் நிமிடத்துக்கு 4,200 சுழற்சி. அசையும் பாகமற்ற 64 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யும் சற்று வேகமான சில்லும் வேண்டுமென்றால் விலை 3,098 டாலருக்கு ஏறியது. ஒரே ஒரு யு.எஸ்.பி. துளை, கம்பிவழி இணையத்துக்கு இடமில்லை, நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது, பேட்டரியைப் பயனர் கழற்ற முடியாது.

பழுதுகளும் விரைவில் வந்தன. வீடியோ ஓடும்போது சில்லு சூடேறி, அதன் இரண்டு உட்கருக்களில் ஒன்று தானே வேலையை நிறுத்திக்கொண்டது. அதனால் படம் திக்கித் திக்கி ஓடியது. கீல் தளர்ந்து, சில கணினிகளில் முறிந்தும் போனது. ஆப்பிள் பின்னர் அதைக் கட்டணமின்றிச் சரிசெய்து கொடுக்க நேர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் லெனோவோ வெளியிட்ட திங்க்பேட் எக்ஸ்300 இன்னும் கூடுதல் விலை, 2,476 டாலரிலிருந்து. ஆனால் சற்றே தடித்த அந்தக் கணினியில் டிவிடி இயக்கி, மூன்று யு.எஸ்.பி. துளைகள், கம்பிவழி இணையம், கழற்றி மாற்றும் பேட்டரி எல்லாம் இருந்தன, எஸ்.எஸ்.டி. எல்லாருக்கும் உண்டு. வேலைக்கான கருவியாகப் பார்த்தால் எக்ஸ்300தான் கொடுத்த விலைக்குத் தகுந்தது. உலகம் நினைவில் வைத்துக்கொண்டதோ ஏரை. 2009இல் டெல் அடாமோவை 1,999 டாலருக்கும், ஆண்டிறுதியில் 9.99 மில்லிமீட்டர் அடாமோ எக்ஸ்பிஎஸ்ஸை 1,799 டாலருக்கும் கொண்டுவந்தது. இரண்டும் அழகானவை, இரண்டும் வேகம் குறைந்தவை. 2011இல் அந்தப் பெயரே கைவிடப்பட்டது.

2010 அக்டோபரில் ஏர் மறுபிறவி எடுத்தது. சுழலும் தட்டு முற்றிலும் போய், உறை நீக்கிய எஸ்.எஸ்.டி. அட்டையே சேமிப்பகமாயிற்று. மிச்சமான இடத்தைப் பேட்டரி எடுத்துக்கொண்டது. 11 அங்குலக் கணினி 999 டாலர், 13 அங்குலம் 1,299 டாலர். சில்லு இன்னும் பழையதுதான். ஆனால் கோப்பு திறப்பதும் கணினி விழிப்பதும் அதைவிட வேகமான சில்லும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட கணினிகளைவிட விரைவாக இருந்தன. கீழே விழுந்தால் முதலில் கெடும் பாகமான ஹார்ட் டிஸ்க் இல்லாததால் நம்பகமும் உயர்ந்தது. 2013இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் சில்லு வந்தபோது, 13 அங்குல ஏரின் பேட்டரி நேரம் நிறுவனக் கணக்குப்படி 7 மணியிலிருந்து 12 மணியாகக் கூடியது. தடிமன் ஒரு மில்லிமீட்டரும் மாறவில்லை. மெல்லிய கணினி தன் விலைக்கு முழுமையாக ஈடு கொடுத்த முதல் காலம் இது. எடுத்துவிட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் பதிலாக அதைவிடச் சிறந்த ஒன்று உள்ளே வந்திருந்ததே அதற்குக் காரணம்.

இன்டெல் அந்த வெற்றியை விண்டோஸ் உலகத்துக்குக் கொண்டுபோக முயன்றது. 2011 மே மாதம் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் அல்ட்ராபுக் என்ற வகையை அறிவித்தது; ஆகஸ்டில் 30 கோடி டாலர் முதலீட்டு நிதியை ஒதுக்கியது. தடிமன் 20 மில்லிமீட்டர் அளவுக்குள், விலை 1,000 டாலருக்குள் என்பது இலக்கு. ஏசஸ், ஏசர், லெனோவோ, தோஷிபா நிறுவனங்களின் முதல் அல்ட்ராபுக்குகள் அந்த ஆண்டின் இறுதிக்குள் கடைக்கு வந்தன. 2012 முடிவதற்குள் நுகர்வோர் மடிக்கணினிகளில் 40 சதவீதம் அல்ட்ராபுக்காக இருக்கும் என்ற இன்டெல்லின் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. மெலிவுக்குரிய குறைந்த மின்னழுத்தச் சில்லு, எஸ்.எஸ்.டி., உலோக உறை மூன்றும் சேர்ந்தால் 1,000 டாலருக்குள் லாபம் மிஞ்சவில்லை. ஆகவே சிலர் விலையை ஏற்றினர். சிலர் திரையிலும் சேமிப்பகத்திலும் கைவைத்தனர். ஆனாலும் அந்த முயற்சி வீண்போகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் நடுத்தர விலைக் கணினிகளும் மெலிந்தன. அதனால் மெலிவுக்காக மட்டும் கூடுதல் விலை கேட்பது கடினமாயிற்று. உயர்விலை நிறுவனங்கள் இன்னும் மெலிய வேண்டிய கட்டாயத்தில் விழுந்தன.

அந்தக் கட்டாயத்தின் விளைவு முதலில் கணினியின் வயிற்றுக்குள் தெரிந்தது. 2012 ஜூனில் வந்த 15 அங்குல ரெட்டினா மேக்புக் ப்ரோ 18 மில்லிமீட்டர் தடிமன், 2,199 டாலர். அதன் திரையை அதுவரை எந்த மடிக்கணினியும் எட்டவில்லை. வாங்கியவர்கள் அதற்காகவே கொடுத்தார்கள், அது நியாயமும்கூட. ஆனால் பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருந்தது, நினைவகம் பற்றவைக்கப்பட்டிருந்தது. பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் அதற்கு 10க்கு 1 புள்ளிதான் கொடுத்தது. பிறகு திரையின் மேற்பூச்சு உரியும் சிக்கல் வந்தது. 2015இல் அதற்காக ஆப்பிள் இலவச மாற்றுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பழுதுபார்ப்புத் தொழிலும் அடியோடு மாறியது. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் நினைவகம் கூட்டுவதும் ஹார்ட் டிஸ்க் மாற்றுவதும் சில நிமிட வேலையாக இருந்த காலம் போய், சூடுகாற்றும் நுண்ணோக்கியும் வைத்துப் பலகையில் சில்லைக் கழற்றும் நுட்பம் தேவைப்படத் தொடங்கியது.

மெலிவுக்குக் கொடுத்த விலையின் மிகக் கசப்பான அத்தியாயம் விசைப்பலகையில் எழுதப்பட்டது. 2015இல் ஆப்பிள் 12 அங்குல மேக்புக்கை வெளியிட்டது: 13.1 மில்லிமீட்டர், 920 கிராம், மின்விசிறி இல்லை, மின்னேற்றத்துக்கும் இணைப்புக்கும் சேர்த்து ஒரே துளை, 1,299 டாலர். அந்தத் தடிமனுக்குள் அடங்க விசையின் அடியிலிருந்த பழைய கத்தரி வடிவ அமைப்பு நீக்கப்பட்டு, வண்ணத்துப்பூச்சியின் இறக்கைபோல் விரியும் தட்டையான அமைப்பு வைக்கப்பட்டது. பழையதைவிட 40 சதவீதம் மெலிந்தது என்றது நிறுவனம். விசை கீழிறங்கும் தூரம் சுமார் அரை மில்லிமீட்டர். ஒரு தூசியோ ரொட்டித் துணுக்கோ அடியில் சிக்கினால் ஒதுங்க இடமில்லை. விசை இறங்காது, இறங்கினால் எழாது, அல்லது ஒருமுறை அழுத்தினால் அதே எழுத்து இருமுறை விழும்.

ஒரு சிறு பயணக் கணினியில் செய்து பார்த்த சோதனையாக அது நின்றிருக்கலாம். 2016 அக்டோபரில் அதே அமைப்பு மேக்புக் ப்ரோ வரிசைக்கு வந்தது. எழுத்தாளர்களும் நிரலாளர்களும் நாள் முழுதும் தட்டும் கணினி அது. டச் பார் என்ற தொடுபட்டை கொண்ட 15 அங்குல வகை 2,399 டாலரில் தொடங்கியது. புகார்கள் பெருகின. கணினியை 75 பாகை சாய்த்துப் பிடித்து அழுத்தக் காற்றை இடமிருந்து வலமாக அடிக்கும்படி நிறுவனமே உதவிக் குறிப்பு வெளியிட்டது. விசை ஒன்றைத் தனியாக மாற்றுவது எளிதாக இல்லை. விசைப்பலகை மேலுறையோடு பிணைக்கப்பட்டிருந்தது, அந்த மேலுறையோடு பேட்டரியும் ஒட்டியிருந்தது. ஒரே ஓர் எழுத்து கெட்டால் மேலுறை, விசைப்பலகை, பேட்டரி எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் அந்தச் செலவு பல நூறு டாலர். ஒரு பாகம் அடிக்கடி கெடுவது ஒரு குறை. கெட்டதை மலிவாக மாற்ற முடியாதபடி கட்டியிருப்பது அதைவிடப் பெரிய குறை. இரண்டும் சேர்ந்தபோது, திரையும் ஒலியும் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்தக் கணினிகளின் விலையை நியாயப்படுத்த முடியாமற்போயிற்று.

2018 ஜூனில் ஆப்பிள் நான்காண்டு இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது. அடுத்த மாதமே விசைகளின் அடியில் மெல்லிய சிலிக்கோன் சவ்வு சேர்த்த மூன்றாம் வடிவம் வந்தது. 2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்தியாளர் ஜோவன்னா ஸ்டெர்ன், ‘இ’, ‘ஆர்’ எழுத்துகள் விடுபட்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார். அவருடைய கணினியின் அந்த விசைகள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மே மாதம் பொருள் மாற்றிய இன்னொரு வடிவம் வந்தது. அது விற்பனைக்கு வந்த நாளிலேயே இலவசத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் கத்தரி அமைப்பு திரும்பியது, விசையின் இறக்கம் 1 மில்லிமீட்டராகியது. தடிமன் 15.5லிருந்து 16.2 மில்லிமீட்டர் ஆயிற்று. நான்கு ஆண்டுப் புகார்களுக்குப் பிறகு கூட்டப்பட்டது 0.7 மில்லிமீட்டர். அதைக் குறை சொன்ன வாங்குபவர் அரிது. 2022 ஜூலையில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, ஏழு அமெரிக்க மாநிலங்களின் வாங்குபவர்கள் தொடர்பான கூட்டு வழக்கை முடிக்க நிறுவனம் 5 கோடி டாலர் தர இசைந்தது. மேலுறையைப் பலமுறை மாற்ற நேர்ந்தவர்களுக்கு அதிகபட்சம் 395 டாலர்.

அதே ஆண்டுகளின் கணினிகளில் வேறு இரண்டு குறைகளும் மெலிவோடு நேராகத் தொடர்புடையவை. 2016 வகையில் திரைக்கு ஒளி தரும் நாடாக் கம்பி, மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் இழுபட்டுத் தேய்ந்தது. திரையின் அடியில் மேடை விளக்குபோல் திட்டுத்திட்டாக ஒளி தெரியும், பிறகு இருட்டாகும். கம்பி திரையோடு ஒன்றாக இருந்ததால் முழுத் திரையையும் மாற்ற வேண்டியிருந்தது. 2018 வகையில் அந்தக் கம்பியின் நீளம் சுமார் 2 மில்லிமீட்டர் கூட்டப்பட்டது. அதே 2018இல் ஆறு உட்கரு கோர் ஐ9 சில்லுக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள், நெடுநேர வேலையில் அது சூடேறி முந்தைய ஆண்டுக் கணினியைவிட மெதுவாக ஓடுவதைக் கண்டார்கள். ஜூலை இறுதியில் மென்பொருள் திருத்தம் வந்து நிலைமை தேறியது. ஆனாலும் மெல்லிய உறையால் ஒரு வேகமான சில்லின் வெப்பத்தை முழுதாக வெளியேற்ற முடியவில்லை என்பது அப்படியே இருந்தது.

ஆப்பிளை மட்டும் சொல்வது நியாயமாகாது. மைக்ரோசாஃப்ட் 2017இல் வெளியிட்ட சர்ஃபேஸ் லேப்டாப்பின் விசைப்பலகைப் பரப்பில் துணிபோன்ற அல்கான்டாரா ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கிழிக்காமல் உள்ளே போக வழியில்லாததால் ஐஃபிக்ஸிட் 10க்கு 0 கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ், மைக்ரோசாஃப்ட் கணினிகளில் சுமார் 25 சதவீதம் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பழுதாகும் என்று தன் வாசகர் கருத்தாய்வை வைத்து மதிப்பிட்டு, சர்ஃபேஸ் மடிக்கணினிகளுக்கான பரிந்துரையை விலக்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் அந்த மதிப்பீட்டை மறுத்தது. 2019இல் வந்த சர்ஃபேஸ் லேப்டாப் 3தான் முதலில் கிழிக்காமல் திறக்கும்படி அமைந்தது. ஏசரின் ஸ்விஃப்ட் 7, 2018இல் 8.98 மில்லிமீட்டருக்கு இறங்கியது. அதில் இருந்தது முந்தைய தலைமுறைக் குறைமின் சில்லு. விலையோ 1,699 டாலர். டெல்லின் எக்ஸ்பிஎஸ் 13 திரையின் ஓரத்தை மெலிக்கப்போய் கேமராவைத் திரைக்குக் கீழே தள்ளியது. அழைப்பில் எதிரே இருப்பவருக்கு முகத்தைவிட மூக்கும் தட்டும் விரல்களுமே முன்னால் தெரிந்தன. கேமரா மேலே திரும்ப 2019 ஆயிற்று.

மெலிவில் ஆபத்தானது பேட்டரி. தட்டையான இடத்தில் பரப்புவதற்காக உருளைக் கலங்களுக்குப் பதில் மென்மையான உறையிட்ட தட்டைக் கலங்கள் வந்தன. பழையதாகும்போது அவை உப்பும். உப்பினால் மேலே உள்ள தொடுபலகையும் விசைப்பலகையும் தூக்கும். 2019 ஜூனில் ஆப்பிள் 2015 வகை 15 அங்குல மேக்புக் ப்ரோவின் பேட்டரிகளைத் தீ அபாயம் காரணமாகத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,32,000 கணினிகள். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பேட்டரி மாற்றப்படும் வரை அந்தக் கணினிகளை விமானத்தில் கொண்டுசெல்ல வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. பயணத்துக்கென்றே விற்கப்பட்ட விலையுயர்ந்த கணினி சில மாதங்கள் பயணத்துக்கே ஆகாததாயிற்று.

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லான எம்1-ஐக் கொண்டுவந்ததும் கணக்கு மாறியது. 999 டாலர் மேக்புக் ஏர், முந்தைய ஏரின் உறையிலேயே, மின்விசிறி இல்லாமல் வந்தது. அன்றாட வேலையில் அது தன்னைவிட விலை கூடிய, தடித்த கணினிகளோடு வேகத்தில் சமமாக ஓடியது. பேட்டரி ஒரு வேலைநாளைத் தாண்டி நின்றது. குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்யும் சில்லால் வெப்பம் குறைந்தது; வெப்பம் குறையவே மெல்லிய உறையின் பலவீனம் பெருமளவு மறைந்தது. 2010இல் எஸ்.எஸ்.டி. செய்ததை 2020இல் சில்லு செய்தது. அதைவிட ஆச்சரியம் அடுத்த ஆண்டு வந்தது. 2021 அக்டோபரில் வெளிவந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்கள் முந்தையவற்றைவிட எடையிலும் 16 அங்குல வகை தடிமனிலும் கூடியிருந்தன. நீக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. துளை, எஸ்.டி. அட்டைத் துளை, காந்த மின்னேற்றி மூன்றும் திரும்பின. டச் பார் போயிற்று. விலை 1,999 டாலரிலிருந்து. மெலிவுக்குப் பணம் வாங்கிய நிறுவனமே, மெலிவை விட்டுக்கொடுத்ததற்கும் பணம் வாங்கிய கணினி அது. அந்த விலையைப் பற்றி எழுந்த புகார் 2016ஐவிட வெகு குறைவு.

பழுது யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. பற்றவைத்த நினைவகம் இன்றும் உயர்விலை மெல்லிய கணினிகளின் பொதுக் குணம்; சிலவற்றில் சேமிப்பகமும் அப்படித்தான். வாங்கும் நாளிலேயே ஐந்தாறு ஆண்டுத் தேவையைக் கணித்து, நிறுவனம் சொல்லும் விலைக்குக் கூடுதல் நினைவகம் வாங்க வேண்டும். சேமிப்பகமும் பற்றவைக்கப்பட்டிருந்தால், தாய்ப்பலகை போனால் அதில் உள்ளதும் போகும். இதற்கு மறுப்பாக 2021இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 15.85 மில்லிமீட்டர் தடிமனில், 1.3 கிலோ எடையில், நினைவகம், சேமிப்பகம், பேட்டரி, திரை, துளைகள் அனைத்தையும் ஒரே திருப்புளியால் பயனரே மாற்றக்கூடிய கணினியை விற்கத் தொடங்கியது. மெலிந்திருக்க வேண்டுமானால் ஒட்டத்தான் வேண்டும் என்ற வாதம் அதோடு வலுவிழந்தது. அதுவும் விலை குறைந்ததல்ல. ஆனால் கூடுதல் பணம் கணினியின் ஆயுளை நீட்டிக்கும் வழிக்குப் போகிறது.

சட்டங்களும் அந்தத் திசையில் வரத் தொடங்கின. பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினிகளின் விலைச்சீட்டோடு, 10க்கு எத்தனை புள்ளி அளவுக்கு அதைப் பழுதுபார்க்க முடியும் என்பதையும் காட்ட வேண்டும். ஆப்பிள் 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்1 மேக்புக்குகளின் உதிரிபாகங்களையும் கையேடுகளையும் நேரடியாக விற்க முன்வந்தது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாசலைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கப்படும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை, சில விலக்குகள் தவிர, சாதாரணக் கருவிகளைக் கொண்டு பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும்.